மேலச்செங்குளத்தில் சிக்னல் இல்லை

ஜூலை 1, செவ்வாய்

குளோரி அக்கா இந்த டைரியைக் கொடுத்து, "தெனம் என்ன வேலை நடந்துச்சுன்னு எழுதி வை பிள்ள. கருவி குடுத்த கோயம்புத்தூர்க்காரன் கேட்டா சொல்லணும்லா" என்றார். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் முப்புடாதி. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. செல்போன் சர்வீஸ் கடையில் இருந்தேன். சித்திரையிலிருந்து கடையநல்லூர் குளோரி ஃப்ரீசர் பாக்ஸில் வேலை. வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும்வரை இறந்தவர்களைக் கிடத்தி வைக்கிற கண்ணாடிப் பெட்டிகளை வாடகைக்கு விடுகிறோம். போன மாதம் ஒரு வீட்டில் கரண்ட் போனதை யாரும் கவனிக்கவில்லை. மகள் பெங்களூரிலிருந்து வந்து பெட்டியைத் திறந்தபோது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அந்த மகள் அக்காவைத் திட்டவில்லை. சும்மா பார்த்தாளாம். அதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் தானாகப் பேசுகிற கருவி வைத்தே ஆகவேண்டும் என்கிறார்.

கருவி கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டது. தீப்பெட்டி அளவு. ஒரு செல்போனிலிருந்து திரை, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மிச்சத்தை வைத்தது மாதிரி இருக்கிறது. அதற்கும் ஒரு சிம் உண்டு. பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்று அவ்வப்போது எங்கள் போனுக்கு அனுப்ப வேண்டும். கரண்ட் போனால் உடனே சொல்ல வேண்டும்.

இன்று சொல்லவில்லை. பச்சை விளக்கு வேகமாக மினுக்கிக்கொண்டே இருந்தது. டவரைத் தேடுகிறது என்று அர்த்தம். சாயங்காலம் வரை தேடியது.

ஜூலை 2, புதன்

கருவியை லேப்டாப்பில் மாட்டி, டவரில் பதிந்துவிட்டாயா என்று கேட்டால் ஒரே ஒரு எண்ணில் பதில் சொல்லும். இரண்டு என்றால் தேடுகிறது. மூன்று என்றால் டவர் மறுத்துவிட்டது. காலையில் இரண்டு. மத்தியானத்துக்கு மேல் மூன்று. அதாவது டவர் இருக்கிறது, நம்மைப் பார்த்தும்விட்டது, உள்ளே விடமாட்டேன் என்கிறது.

திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். அப்படிக் கேட்கக் கூடாதாம். அடிக்கடி தட்டினால் டவர் கொஞ்ச நேரம் பதிலே தராமல் இருந்துவிடும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. இடைவெளி விட வேண்டும். விட்டேன். போய் ரேஷன் அரிசி வாங்கி வந்தேன். அம்மாவுக்கு மூட்டுவலித் தைலமும்.

ஜூலை 4, வெள்ளி

சிம் கம்பெனி கஸ்டமர் கேரில் பேசியது:

"உங்க பத்து நம்பர் மொபைல் எண் சொல்லுங்க மேடம்."

"இது பதின்மூணு நம்பர். மெஷினுக்குப் போடுற சிம்."

"பத்து நம்பர்தான் மேடம் வரும்."

"மனுசங்களுக்குத்தான் பத்து. மெஷினுக்குப் பதின்மூணு."

"மேடம், நீங்க மெஷினா பேசுறீங்க?"

அக்கா பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் வேறு ஒருவர் எடுத்து விஷயத்தைச் சொன்னார். எந்தச் சிம் எந்தக் கருவிக்கு என்று முன்கூட்டியே பதிந்திருப்பார்களாம். மாற்றிப் போட்டால் மறுத்துவிடும். கோயம்புத்தூர்க்காரர் இரண்டு சிம்களை மாற்றிச் செருகி அனுப்பியிருக்கிறார். இவ்வளவுதான்.

ஜூலை 5, சனி

சிம்மை மாற்றினேன். பதில்: ஒன்று. பதிந்துவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

பதிந்தால் போதாது. நெட்டுக்குள் போக ஒரு வாசல் பெயர் கொடுக்க வேண்டும். அதில் ஓர் எழுத்துப் பிழை. அதைத் திருத்தினால், பெட்டியின் இரும்புக்குள் வைத்ததும் சிக்னல் செத்துப்போகிறது. ஏரியலை வெளியே எடுத்து ஒட்டினேன். இப்போது வேறு தொல்லை. பெட்டியின் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போது கருவி அணைந்து மறுபடி பிறக்கிறது. அதற்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரி வேண்டும். தென்காசியில்தான் கிடைக்கும்.

எங்கள் வேன் டிரைவர் சம்சுதீன் அண்ணன், மேலச்செங்குளத்துப் பெரியவர் ஒருவர் தென்காசி பெரியாஸ்பத்திரியில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். மூச்சுத் திணறலாம். கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

பேட்டரி வாங்கத் தென்காசி போனேன். கடை திறக்க நேரமாகும் போலிருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன்.

அந்தப் பெரியவர், ஆவுடையப்பன் அவர்கள், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். பஸ் டிரைவராக இருந்தவர். இப்போது தோளெல்லாம் எலும்பு. என்னைப் பார்த்ததும் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார். "வாம்மா. சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீங்க பேசாதிய. அதைப் போட்டுக்கிடுங்க."

"அய்ஸ் பெட்டிக் கம்பெனியில இருக்கியாமே."

"ஆமா."

"என்னை அதுல வச்சிராதிய. எனக்குக் குளிரு ஆவாது."

சிரித்தார், இருமல் வந்துவிட்டது. முதுகைத் தடவிவிட்டேன். நர்ஸ் வந்து, "நீங்க யாரு, மகளா?" என்று கேட்டார். பெரியவர்தான் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அவர் என் மாமனார். வேலை டைரியில் இது தேவையில்லை. அவர் மகன் திருமலைக்குமார் மஸ்கட்டில் இருக்கிறார். நாலு வருஷமாக ஊருக்கு வரவில்லை. போன வருஷம் ஒருநாள் மாமனார் என் சூட்கேஸைத் தன் ஸ்கூட்டரில் வைத்துக் கட்டி, "இங்க இருந்து காயாத. நீ ஒங்க அம்மாகிட்ட போயி ஒரு வேலையைப் பாரு" என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். வழியில் டீ வாங்கிக் கொடுத்தார்.

பேட்டரிக் கடை ஒன்பதுக்கே திறந்துவிட்டதாம். நான் போனபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு மூடியிருந்தது. காத்திருந்து வாங்கினேன்.

ஜூலை 12, சனி

முதல் சோதனை. பேட்டை பக்கம் ஒரு வீடு. கருவி ஒழுங்காகப் பேசியது. அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு, "மூணு டிகிரி! மூணு டிகிரி!" என்று தெருவில் எல்லோருக்கும் காட்டிவிட்டார். அப்புறம் துக்க வீடு என்பது ஞாபகம் வந்து போனை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஜூலை 14, திங்கள்

காலையில் போன் வந்தது. மாமனார் இறந்துவிட்டார். எங்கள் பெட்டியைத்தான் கேட்டார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு ஆள் இல்லை.

அக்கா என்னைப் பார்த்தார். "நீ போவ வேண்டாம் பிள்ள. சம்சுதீனே கொண்டு வைக்கட்டும்."

"சரிக்கா."

மஸ்கட்டிலிருந்து மகன் வரும்வரை வைக்க வேண்டுமாம். பெட்டி பத்து மணிக்கே போய்விட்டது. கருவியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. மத்தியானமும் இல்லை. சாயங்காலம் சம்சுதீன் அண்ணன் திரும்பி வந்து, "அங்கன நம்ம சிம்முக்கு டவரே கிடையாது தங்கச்சி. மலை மறைக்கி. பச்சை லைட்டு மினுக்கிக்கிட்டே கெடக்கு" என்றார்.

அம்மா புளிக்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடவில்லை. கருவி பேசாத பெட்டியை ஒரு வீட்டில் விட்டு வைத்திருப்பது கம்பெனிக்கு நல்லதல்ல.

ஜூலை 15, செவ்வாய்

போனேன். வேலை.

வாசலில் பந்தல். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பிறகு மறுபடி அழுதார்கள், கொஞ்சம் சத்தமாக. மாமனாரின் தம்பி நயினார் சின்னமாமா, "மருமவளா வந்திருக்கியா, கம்பெனி ஆளா வந்திருக்கியா?" என்று கேட்டார். கையில் இருந்த ஸ்குரூ டிரைவரைக் காட்டினேன். வழிவிட்டார்.

பெட்டிக்குப் பின்பக்கம் உட்கார்ந்துதான் வேலை செய்ய வேண்டும். முன்பக்கம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஒருமுறை பார்த்தேன். வேட்டி, துண்டு. கண்ணாடிக்குள் மூக்குநுனியில் ஈரம் படிந்திருந்தது.

எங்கள் சிம்முக்கு அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. கூடத்தில் யாருடைய போனிலும் கோடு இல்லை. அத்தையிடம் போய்க் கேட்டேன். "இங்க யாரு போன் எடுக்கும்?"

அத்தை என்றால் என் மாமியார், பெயர் வேலம்மாள். அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னை வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. "அவுக போனு மட்டுந்தான் எடுக்கும். அந்த கம்பெனிக்காரன் டவரு குளத்தங்கரையில நிக்கி." அலமாரி மேலிருந்து மாமனாரின் பட்டன் போனை எடுத்துக் கொடுத்தாள்.

"சிம்மைக் கழத்தி இதுல போடணும். ரெண்டு நாளைக்கி."

"அவுகளுக்கு இனிமே யாரு போன் பண்ணப்போறா. போடு."

போட்டேன். வாசல் பெயரை அந்தக் கம்பெனிக்கு ஏற்ற மாதிரி மாற்றினேன். பதில்: ஒன்று. ஆனால் நெட் நிற்கவில்லை. குறுஞ்செய்தி மட்டும் போகும்படி வைத்தேன். கொல்லை மதில் பக்கம் போனதும் முதல் செய்தி என் போனுக்கு வந்தது. எண்ணை ஏற்கெனவே சேமித்து வைத்திருந்ததால் திரையில் பெயர் வந்தது.

மாமா: 2 டிகிரி.

பெயரை மாற்றியிருக்கலாம். நேரமில்லை.

மகன் நாளைக்கு வருகிறார் என்று சின்னமாமா சொன்னார்.

ஜூலை 16, புதன்

கடையில் இருந்தேன். பேங்க் வேலை, சாமியானா கழுவும் வேலை. மாமா 2 டிகிரி, மாமா 2 டிகிரி, மாமா 3 டிகிரி.

மத்தியானம் சாரல் காற்றோடு சேர்ந்து வந்தது. மாமா: கரண்ட் இல்லை.

போன் செய்தால் அங்கே யாருக்கும் எடுக்காதே. சம்சுதீன் அண்ணன் சோற்றில் கை வைத்திருந்தார். அப்படியே எழுந்து கழுவிவிட்டு வந்தார். ஜெனரேட்டரை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியில் புளியங்கிளை ஒன்று கரண்ட் கம்பியின் மேல் கிடந்தது. மாமா 5. மாமா 6. அண்ணன் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

பந்தலில் எல்லோரும் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். பெட்டி நின்றுபோனதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஜெனரேட்டரைப் போட்டதும்தான், "ஏ, கரண்டு போயிருந்துச்சா?" என்றார்கள். அத்தைக்குத் தெரிந்திருந்தது. பெட்டியின் கண்ணாடியில் கை வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "இப்பந்தான் கொஞ்சம் வெதுவெதுன்னு இருந்துச்சு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

மகன் நாளைக்கு வருகிறாராம். இன்று டிக்கெட் கிடைக்கவில்லையாம்.

ஜூலை 17, வியாழன்

எட்டரைக்குச் சின்னமாமா அவர் தோட்டத்து மேட்டில் நின்று கடைக்குப் பேசினார். மகன் டிக்கெட் கொச்சி வழியாகப் பார்க்கிறாராம். நாளைக்கு, இல்லாவிட்டால் சனிக்கிழமை. பெட்டி இருக்கட்டும்.

"எங்களுக்கு வேற புக்கிங் இருக்கு. எப்ப முடியும்னு தெரியணும். நான் அவங்ககிட்டயே கேட்டுக்கிடுதேன், நம்பரைத் தாங்க" என்றேன். வேறு புக்கிங் எதுவும் இல்லை. அவர் கொடுத்த எண் எனக்குத் தெரிந்த எண் அல்ல, மாற்றியிருக்கிறார்.

கடை போனிலிருந்து கூப்பிட்டேன். அக்கா சர்ச்சுக்குப் போயிருந்தார். கஸ்டமரிடம் பேசுகிற குரலில் பேசினேன்.

"ஹலோ, கடையநல்லூர் ஃப்ரீசர் பாக்ஸ் சர்வீஸ்ல இருந்து பேசுறோம் சார். பாக்ஸ் எத்தனை நாளைக்குத் தேவைப்படும்னு கன்ஃபார்ம் பண்ணணும். நீங்க எப்ப வருவீங்க?"

லைன் இரைந்தது. பிறகு, "நான் வரலைங்க" என்றார்.

"சார்?"

"வர முடியாது. இங்க நிலைமை அப்படி. வீட்டுல சொல்ல முடியல, அம்மா தாங்க மாட்டாவ. நீங்க… பெட்டிய எடுத்துக்கிடணும்னு நீங்களே சொல்லிருங்க. அடக்கம் பண்ணச் சொல்லிருங்க."

பின்னால் ஒரு குழந்தை அப்பாவைக் கூப்பிடுவதுபோல் "அச்சா, அச்சா" என்றது. மலையாள டிவி ஓடிக்கொண்டிருக்கலாம்.

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டேன்.

என் குரல் அவருக்குத் தெரியவில்லை. நாலு வருஷம் ஆகிறது. போன் லைனும் அவ்வளவு தெளிவில்லை.

பஸ்ஸில் போனேன். அத்தை பின்கட்டில் தனியாக இருந்தாள். நேராகச் சொன்னேன். "அத்தை, பெட்டியை நிறுத்திரலாம். அவிய வரல."

"ஒன்கிட்ட சொன்னானா?"

"கம்பெனியில இருந்து பேசுதேன்னு கேட்டேன். சொன்னாவ."

அழுவாள் என்று நினைத்தேன். சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். "மூணு நாளா மேட்டுல ஏறி நின்னு பேசுனா எங்கிட்ட டிக்கெட்டு டிக்கெட்டுன்னுதான் சொல்லுதான். அப்பா எப்படிப் போனாரு, கடைசியில என்ன சொன்னாருன்னு ஒரு வார்த்தை கேக்கல. வாரவன் கேப்பான்லா." பிறகு, "மார்கழியில பச்சத்தண்ணி தொடாத மனுசன். யாருக்காவ இந்தக் குளுருல போட்டிருக்கோம்னு நானும் ராத்திரியெல்லாம் நெனச்சேன். வாயில வரல" என்றாள்.

கூடத்துக்குப் போய் நயினார் சின்னமாமாவிடம், "எடுத்துருங்க கொழுந்தனாரே. அவன் வரமாட்டான்" என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க கொள்ளி வைங்க. அண்ணனுக்குத்தானே வைக்கிய" என்றாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அவருக்கும் முன்பே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சுவிட்சை நான் அணைத்தேன். மறுநிமிடம் என் போன் துடித்தது. மாமா: கரண்ட் இல்லை. அதே செய்தி அக்காவுக்கும் போய்விட்டது. அத்தை வீட்டில் எனக்குச் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், ஆனாலும் அக்காவின் அழைப்பு எப்படியோ வந்துவிட்டது.

"ஏ பிள்ள, கரண்டு போயிட்டா? சம்சுதீனை அனுப்பட்டுமா?"

"இல்லக்கா. நான்தான் அணைச்சேன்."

அக்கா, "சரி. நீ அங்கனயே இரு. பெட்டி மெதுவா வரட்டும்" என்றார்.

குளிப்பாட்டுவதற்கு வெந்நீர் வைத்தோம். நான்தான் விளாவினேன். கை பொறுக்கிற சூடு இருந்தால் போதும் என்றார்கள். இன்னும் கொஞ்சம் சூடாக வைத்தேன்.

ஜூலை 19, சனி

பெட்டியை டெட்டால் போட்டுக் கழுவிக் காயவைத்தேன். கருவியிலிருந்து மாமாவின் சிம்மைக் கழற்றி எங்கள் சிம்மைப் போட்டேன்.

ஜூலை 21, திங்கள்

சிம்மைக் கொடுக்க மேலச்செங்குளம் போனேன். அத்தை அதை வாங்கிப் பட்டன் போனில் போடச் சொன்னாள். "இனிமே நான் வச்சுக்கிடுதேன். இதுல ஒனக்கு எப்படிப் பேசணும்?" காட்டிக்கொடுத்தேன். இரண்டை அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும்படி வைத்திருக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

மாமா பெயரில் போன் வந்தது. பஸ்ஸில் இருந்தேன், பதறிவிட்டேன். அத்தைதான். ஒன்றுமில்லை, என்ன குழம்பு என்று கேட்டாள்.

அக்கா மீதிப் பெட்டிகளுக்கும் கருவி வாங்கச் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பெனிச் சிம் போடுகிற மாதிரி கேட்டிருக்கிறேன். ஒன்று இல்லாத இடத்தில் மற்றது எடுக்கும்.

ஜூலை 29, செவ்வாய்

பதினாறாம் நாள். லீவு கேட்டேன். அக்கா கேக் வாங்கிக் கொடுத்தனுப்பப் பார்த்தார். காரிய வீட்டுக்கு அது வேண்டாம் என்று பழமாக மாற்றினோம்.

வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபிறகு, பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது. வெளிநாட்டு எண். கொல்லை மதில் பக்கம் போனால் ஒரு கோடு கிடைக்கும். போய் எடுத்தேன்.

"நான் குமார் பேசுதேன்."

"சொல்லுங்க."

"காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அன்னைக்கி போன் பண்ணுனது நீதான்னு எனக்குத் தெரியும்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஹலோன்னு சொன்னதுமே தெரிஞ்சு போச்சு. நீன்னா அம்மாகிட்ட பக்குவமாச் சொல்லிருவன்னுதான்… ஒன்னயத் தவிர வேற யாரும் செஞ்சிருக்க மாட்டாங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன். தேங்க்ஸ் சொல்லணும்லா."

மதிலில் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு அவருக்குக் குரல் தெரியவில்லை என்று எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு எழுதவில்லையே தவிர, பஸ்ஸில், கடையில், பெட்டி கழுவும்போது எல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மறந்துபோனவரை என்ன கேட்பது என்று இருந்தது. இவர் மறக்கவில்லை. தெரிந்துகொண்டே "நீங்களே சொல்லிருங்க" என்று என் தலையில் வைத்திருக்கிறார்.

"ஹலோ? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். ஃப்ரீசர் பாக்ஸ் வேணும்னா குளோரி அக்கா நம்பருக்குக் கூப்பிடுங்க. என் நம்பர்ல புக்கிங் எடுக்கறதில்ல."

வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. அந்த எண் இனி வராதபடி செய்தேன். சோப்பு நுரையில் போன் கொஞ்சம் வழுக்கியது.

அத்தை அடுப்படிக் கதவில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"அவனா?"

"ஆமா."

"பேசி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"அப்ப வாடி. நீயும் இன்னும் சாப்பிடல, நானும் சாப்பிடல."

இரண்டு இலை போட்டாள். நல்ல பசி. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.